பனிக்காலத்தில் குப்பை வண்டிக் குழு வழுக்கி விழாமல் இருக்க: முதலில் எதை மாற்றுவது?

தெருவெல்லாம் பனி கொட்டி உறைகிற ஊர்களில், பனிக்காலம் நெருங்கும்போது குப்பை சேகரிப்புக் குழுவின் பொறுப்பாளர் மேசைக்கு வருகிற காகிதம் பெரும்பாலும் ஒன்றுதான்: அடியில் ஆணிகள் வரும்படி பூட்ஸ் மேல் மாட்டிக்கொள்ளும் முள்பட்டை, ஆளுக்கு ஒரு ஜோடி. கையெழுத்துப் போட்டுவிட்டால் ஏற்பாடு செய்தாயிற்று என்று கோப்பை மூடிவிடலாம். நானும் அப்படிக் கையெழுத்துப் போட்டவன்தான். பிறகு சில நாள் வண்டியோடு கூடவே போய்ப் பார்த்தபோதுதான், வாங்கிய பட்டைகளில் பாதி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஏன் கிடக்கிறது என்று புரிந்தது.

ஒரே ஒரு தொட்டியை எடுக்கும் காட்சியைச் சொல்கிறேன். இன்னும் விடியவில்லை. வண்டி நிற்கிறது. பின்படியில் தொற்றிக்கொண்டு வந்த லோடுமேன் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி பின்பக்கமாக இறங்குகிறார். கால் வைக்கும் இடத்தை அவர் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. இரவு பனி வாரும் வண்டி போனதில் சாலையோரம் நெடுக வயல் வரப்பு மாதிரி பனி குவிந்திருக்கிறது. தொட்டி அந்த வரப்புக்கு அப்பால் நிற்கிறது. ஏறித் தாண்டி, தொட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறார். சக்கரம் பனியில் புதைந்திருப்பதால் நகரவில்லை. உடம்பைப் பின்னால் சாய்த்து முழு பலத்தோடு இழுக்கிறார். சட்டென்று சக்கரம் விடுபடுகிறது. அந்த நொடியில் அவரைத் தாங்கிப் பிடிக்க எதிர்விசை எதுவும் இல்லை. உட்கார்ந்த வாக்கில் விழுகிறார். எழுந்து, பனியைத் தட்டிவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து, ஓடிப்போய்ப் படியில் ஏறிக்கொள்கிறார். எந்தப் பதிவேட்டிலும் இது ஏறாது.

இதில் வழுக்க மூன்று வாய்ப்புகள் இருந்தன: படி, வரப்பு, தொட்டி விடுபட்ட நொடி. முள்பட்டை இரண்டாவதற்கு நன்றாக உதவியிருக்கும். முதலாவதைக் கெடுத்திருக்கவும் கூடும். மூன்றாவதற்கு அவ்வளவாகப் பயன் இல்லை. "எந்தப் பட்டை வாங்கலாம்" என்று ஆரம்பிக்காமல், எந்த வழி எந்த வழுக்கலைத் தடுக்கிறது என்று ஆரம்பித்தால்தான் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.

முள்பட்டை: நல்ல பொருள், தவறான ஆள்

முதலில் அதன் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். விஸ்கான்சினில் 65 வயதைத் தாண்டிய, விழும் வாய்ப்புள்ள 109 பேரிடம் நடந்த ஒரு ஆய்வு 2005இல் வெளியானது. காலணியின் அடியில் கம்பிச்சுருள் வருவதுபோல் மாட்டும் பட்டையைப் போட்டவர்கள், போடாதவர்களோடு ஒப்பிட்டால், வெளியே விழுவது பாதிக்கும் கீழே குறைந்தது. பட்டை வேலை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்தப் பெரியவர்கள் யாரும் நூற்றுக்கணக்கான தடவை இரும்புப் படியில் ஏறி இறங்கவில்லை. பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்கிற அதே ஆணி, வெறும் இரும்பிலும் வழவழப்பான சிமெண்டுத் தரையிலும் பனிச்சறுக்குக் கட்டை மாதிரி ஓடும். குப்பை வண்டியின் கேபின் படி இரும்பு. பின்படியும் இரும்பு. குப்பை கொட்டும் நிலையத்தின் தரை சிமெண்டு. உப்புப் போட்டு உருகிய சாலையில் வெறும் தார் தெரியும் இடங்களில் ஆணிகள் வேகமாகத் தேயும். டிரைவரே இறங்கித் தொட்டி எடுக்கும் வண்டியென்றால் பிரேக் பெடலில் ஆணி வைத்த காலோடு உட்கார வேண்டிவரும். அதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழற்றி மாட்டச் சொல்லலாம்தானே என்று அலுவலகத்தில் இருந்து கேட்பார்கள். தடித்த கையுறையோடு, இருட்டில், ஒற்றைக் காலில் நின்று ரப்பர் பட்டையை இழுத்து மாட்டிப் பாருங்கள், தெரியும். விழுவதைத் தடுக்கும் பொருளை மாட்டும்போதே விழுவார்கள்.

பட்டைகளுக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. முன்பாதத்தில் மட்டும் ஆணி உள்ள வகை மலிவு, மாட்டுவதும் சுலபம். ஆனால் நடக்கும்போது தரையில் முதலில் படுவது குதிகால். வழுக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். குதிகாலை விட்டுவிட்ட பட்டை பாதி வேலையைத்தான் செய்கிறது. கம்பிச்சுருள் வகை, மிதித்து இறுகிய பனிக்கு நன்று. கண்ணாடி போல உறைந்த கட்டிக்குச் சின்ன ஆணி வகைதான் பிடிக்கும். புதுப்பனியில் எந்த வகையின் இடுக்கிலும் பனி அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஆணி தரையைத் தொடாது.

ஷூமேல் சாக்ஸ் போடும் வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். நியூசிலாந்தின் டனிடின் நகரத்துச் சரிவுகளில், ஷூவுக்கு வெளியே சாக்ஸ் மாட்டினால் வழுக்கல் குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் முறைப்படி சோதித்துக் காட்டினார்கள். சிரிக்கவும் வைத்து யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசு 2010இல் அதற்குக் கிடைத்தது. ஒரு தெருவைத் தாண்டுபவருக்கு அது உதவும். நாள் முழுக்க ஈரத்தில் நடக்கும் லோடுமேனுக்கு ஒரு மணி நேரத்தில் நனைந்த கந்தல்தான் மிஞ்சும்.

பூட்ஸ்: பெட்டிமேல் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்

பூட்ஸ் எப்போதும் காலில் இருக்கும். கழற்றி மாட்டும் தொல்லை இல்லை, படியிலும் பனியிலும் ஒரே பொருள். அந்த ஒரு காரணத்துக்காகவே முள்பட்டையைவிட பூட்ஸை முன்னால் வைப்பேன். சிக்கல் தேர்வில் இருக்கிறது.

ஐரோப்பியத் தரநிலைப்படி வரும் பாதுகாப்புக் காலணிகளில் 'எஸ்ஆர்சி' என்ற குறி பல வருஷமாக இருந்தது. வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து 'வழுக்காது' என்று திருப்திப்பட்டுக்கொள்வார்கள். அந்தக் குறிக்கான சோதனை, சோப்புக் கரைசல் ஊற்றிய ஓட்டிலும் கிளிசரின் தடவிய எஃகுத் தகட்டிலும் நடப்பது. சமையலறைக்கும் தொழிற்சாலைக்கும் பொருத்தமான சோதனை. 2022இல் திருத்திய தரநிலையில் அந்தக் குறி போய் 'எஸ்ஆர்' என்பது வந்திருக்கிறது; அதிலும் பனிக்கட்டி கிடையாது. 'சிஐ' என்ற இன்னொரு குறி குளிரைப் பற்றியது. மைனஸ் 17 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் பூட்ஸுக்குள் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் குறையக்கூடாது என்பது அதன் கணக்கு. கால் விறைக்காது என்று அது சொல்கிறது. கால் வழுக்காது என்று சொல்லவில்லை.

உண்மையான பனிக்கட்டியில் சோதித்தவர்கள் டொரான்டோவில் உள்ள மறுவாழ்வு ஆராய்ச்சி நிலையத்தார். உறைந்த தரை உள்ள ஒரு அறையையே சாய்த்து, பாதுகாப்புக் கயிறு கட்டிய ஆளை மேலும் கீழும் நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்வில் கால் வழுக்குகிறது என்று பார்ப்பது அவர்கள் முறை. 2016இல் முடிவுகளை வெளியிட்டபோது, சோதித்த 98 குளிர்கால பூட்ஸ்களில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. இவை எல்லாம் குளிர்காலத்துக்கென்றே விற்கப்பட்டவை என்பதை நினைத்துப் பாருங்கள். தேறியவை, ரப்பருக்குள் கரடான துகள் கலந்த புதுவகை சோல்கள் கொண்டவை. ஆழமான பள்ளம் வெட்டிய, பார்க்கக் கம்பீரமான சோல் என்பதற்காக அது பனிக்கட்டியைப் பிடிக்கும் என்று இல்லை. ஆழமான பள்ளம் சேற்றுக்கும் புதுப்பனிக்கும் நன்று. உறைந்த கட்டிக்கு வேண்டியது, குளிரிலும் மெத்தென்று இருக்கிற ரப்பரும் தரையோடு நிறையத் தொடுகிற பரப்பும்.

கடைக்காரர் பூட்ஸைச் சூடான அறையில் காட்டுவார். சோலை நகத்தால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். அதையே ஒரு இரவு முழுக்க வெளிக்குளிரில் வைத்துவிட்டுக் காலையில் அழுத்திப் பாருங்கள். சில வகைகள் பிளாஸ்டிக் வாளி மாதிரி விறைத்திருக்கும். காசு செலவில்லாத சோதனை. மொத்தமாக வாங்கும் முன் நாலைந்து வகையில் ஒவ்வொரு ஜோடி வாங்கி இப்படிப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் ஆட்கள் போட்டுச் சொல்வதைக் கேட்டு வாங்குவதே சரி.

துகள் கலந்த சோலுக்கும் ஒரு குறை உண்டு: தேயத் தேய அந்தப் பிடி போய்விடும், நாள் முழுக்கத் தார்ச்சாலையில் நடப்பவர்களுக்குச் சீக்கிரமே போய்விடும். மேல்தோல் புதிதுபோல் இருக்கும், சோல் செத்திருக்கும். ஆகவே பூட்ஸ் என்று முடிவு செய்தால் வருஷத்துக்கு ஒரு ஜோடி என்ற கணக்கை மறந்துவிடுங்கள். பனிக்கால நடுவில் ஒரு தடவை எல்லாருடைய பூட்ஸையும் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். தேய்ந்ததற்கு மாற்று, அந்த வாரமே.

அளவும் முக்கியம். தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்காவிட்டால் பூட்ஸ் இறுகும், ரத்த ஓட்டம் குறையும், கால் மரத்துப்போகும். மரத்த காலுக்குத் தரை தெரியாது.

உப்பும் மணலும்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். தெரு தெருவாகத் தொட்டி நிற்கும் இடத்துக்கெல்லாம் உப்புப் போடுவது லோடுமேனால் ஆகிற காரியமில்லை. அவர் கையில் அந்த நேரமும் இல்லை. சாதாரண உப்பு சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். தண்ணீரில் எவ்வளவுதான் கரைத்தாலும் மைனஸ் 21க்குக் கீழே உறைந்தேதீரும். கால்சியம் குளோரைடு இன்னும் கடுங்குளிர்வரை தாங்கும், ஆனால் இரும்பை அரிக்கும். மணல் எதையும் உருக்காது. எந்தக் குளிரிலும் காலுக்குப் பிடி கொடுக்கும். அடுத்த பனி விழுந்தால் மூடிப்போகும்.

ஆனாலும் உப்பு கட்டாயம் வேண்டிய ஒரு இடம் இருக்கிறது: வண்டிகள் நிற்கும் உங்கள் சொந்த முற்றம். ஆட்கள் வாகனத்தை நிறுத்திவிட்டு இருட்டில் வண்டிவரை நடக்கிறார்கள், வண்டியைச் சுற்றிவந்து விளக்கும் டயரும் பார்க்கிறார்கள், முந்தின நாள் வண்டி கழுவிய தண்ணீர் அங்கேயே உறைந்து கிடக்கும். ஷிப்ட் தொடங்கும் முன்னாலேயே விழுந்தவர்களை எனக்குத் தெரியும். தெருவுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று வாதாடலாம். முற்றத்துக்கு முடியாது. வண்டியில் ஒரு வாளி மணலும் ஒரு சின்ன மண்வெட்டியும் வைத்தால், சரிவான சந்துகளில் அவசரத்துக்கு ஆகும்.

வண்டி: யாரும் பேசாத படி

என் கணக்கில் காசு போக வேண்டிய முதல் இடம் இதுதான்.

பின்படியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே இருந்து குப்பைத் தண்ணீர் சொட்டும். ஹைட்ராலிக் எண்ணெய் கசிவு ஒரு பக்கம். பூட்ஸில் ஒட்டிவந்த பனி மிதிபட்டு இறுகும். எல்லாம் சேர்ந்து காலை ஏழு மணிக்குள் ஒரு விரல் கனத்துக்குப் பழுப்பு நிறக் கட்டி உறைந்திருக்கும். அதன்மேல்தான் ஒரு ஆள் நகரும் வண்டியில் நின்று வருகிறார். பல வண்டிகளில் படி என்பது மேடு மேடாகப் பூ அச்சுப் போட்ட தகடு. காய்ந்திருக்கும்போது அது காலைப் பிடிப்பதுபோல் தோன்றும். மேலே பனிக்கட்டி மூடினால் அச்சு இருப்பதும் இல்லாததும் ஒன்று. பல் விளிம்பு வைத்த ஓட்டைத் தகடாக மாற்றினால் பனியும் தண்ணீரும் கீழே விழுந்துவிடும், விளிம்பு பூட்ஸைக் கவ்வும். ஒரு பட்டறையில் ஒரு நாள் வேலை. புது வண்டி வாங்க வேண்டியதில்லை. கூடவே இறங்கும் இடத்தில் வெளிச்சம் விழும்படி ஒரு விளக்கு, கையுறை போட்ட கையால் முழுதாகப் பிடிக்கும்படி கைப்பிடி. ஈரக் கையுறை உறைந்தால் வழவழப்பாகிவிடும். மெல்லிய கைப்பிடியில் அது நிற்காது. கால் வழுக்கியவரை அந்த ஒரு கை தாங்கும்போது தோள்பட்டை பிய்ந்துபோகிறது. இப்படி வருகிற தோள்காயத்தை யாரும் வழுக்கல் கணக்கில் எழுதுவதில்லை.

பின்படியில் ஆள் நிற்கலாமா என்பதே தனிக் கேள்வி. ஐரோப்பாவின் இஎன் 1501-1 தரநிலை, படியில் ஆள் இருக்கும்போது வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டாமலும் பின்னால் போகாமலும் வண்டியிலேயே தடை வைக்கச் சொல்கிறது. அமெரிக்கத் தரநிலை வேகத்தை 10 மைலுக்குள், அதாவது சுமார் 16 கிலோமீட்டருக்குள் நிறுத்துகிறது. படியில் நின்றபடி ஒரு தடவையில் போகக்கூடிய தூரத்துக்கு வரம்பு ஐந்தில் ஒரு மைல், சுமார் 320 மீட்டர். இவை பொதுவான வரம்புகள். படி உறைந்திருக்கும் நாளில் இந்த வரம்புகூட அதிகம் என்பது என் கருத்து. அந்த நாட்களில் படியை மூடிவிட்டு, பக்கத்தில் உள்ள தொட்டிகளுக்கு நடந்து போகவும், தூரத்துக்குக் கேபினில் உட்காரவும் சொல்லிவிடுவேன். படியில் இருந்து வழுக்கினால் விழும் இடம் சாலையோரம் மட்டுமில்லை, சக்கரத்தடியும்தான்.

கேபின் படி இன்னொரு கதை. சாதாரண லாரிக் கேபினில் இரண்டு மூன்று படி ஏற வேண்டும்; தாழ்தளக் கேபினில் ஒரே எட்டு. நாள் முழுக்க ஏறி இறங்கும் ஆளுக்கு இந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. உயரமான கேபினில் இருந்து படியை விட்டுக் குதிப்பவர்களின் முழங்காலில் உடல் எடையைப்போல் பல மடங்கு விழுகிறது. கீழே பனிக்கட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் தாழ்தள வண்டி என்பது அடுத்த தடவை வண்டி வாங்கும்போதுதான் கைக்கு வரும் வாய்ப்பு. இந்தக் குளிர்காலத்துக்கு அது தீர்வு இல்லை.

தொட்டியைத் தானே பிடித்துத் தூக்கிக் கவிழ்க்கும் இயந்திரக் கை வைத்த வண்டி வாங்கிவிட்டால் யாரும் இறங்கவே வேண்டாமே என்று கேட்கலாம். காகிதத்தில் இதை வெல்ல வேறு வழி இல்லை. தரையில் கால் படாதவர் வழுக்க மாட்டார். ஆனால் பனி வரப்புக்கு அப்பால் உள்ள தொட்டியை இயந்திரக் கை எட்டாது, பனியில் உறைந்த தொட்டியைப் பிடுங்காது, சாய்ந்துகிடந்தால் தூக்காது. அப்போது டிரைவர் இறங்குகிறார். சூடான கேபினில் சுகமாக ஓட்டலாம் என்று லேசான ஷூ போட்டு வந்த டிரைவர்! தினம் பனியில் நடந்து பழகிய லோடுமேனைவிட இவர் விழும் வாய்ப்பு அதிகம். இயந்திர வண்டி வாங்கினால் டிரைவருக்கும் நல்ல பூட்ஸ் வாங்குங்கள், "எட்டாத தொட்டியை விட்டுவிட்டு வரலாம்" என்று எழுத்தில் கொடுங்கள்.

நேரம்

ஒரு நாளில் மிகக் குளிரான நேரம் நள்ளிரவு என்று பலர் நினைக்கிறோம். இல்லை. தெளிந்த வானம் உள்ள இரவில் தரை விடியவிடியச் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். சூரியன் எழும் நேரத்தை ஒட்டித்தான் வெப்பநிலை அடிமட்டத்துக்கு வரும். முந்தின நாள் உருகிய தண்ணீர் எல்லாம் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கட்டிப் படலமாகியிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான், இருட்டில், நாம் ஆட்களைத் தெருவில் இறக்குகிறோம்.

இரண்டு மணி நேரம் தள்ளித் தொடங்கினால் வெளிச்சம் வந்திருக்கும், சாலைக்கு உப்பு விழுந்திருக்கும், வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலை வாரியிருப்பார்கள். வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. ஆனால் இலவசம் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூட நேரப் போக்குவரத்து குறுக்கே வரும். ஆள் வண்டிக்கும் பிற வாகனங்களுக்கும் நடுவில் மாட்டுவது வழுக்கி விழுவதைவிட மோசமானது. குளிர்காலப் பகல் குட்டையானது. தாமதமாகத் தொடங்கி மாலை இருட்டுக்குள் போய்விட்டால் உருகிய தண்ணீர் திரும்ப உறையும் நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே எல்லா ரூட்டையும் தள்ளாமல், குடியிருப்புச் சந்துகளையும் சரிவுகளையும் பிந்திவைத்து, வாரித் துப்புரவாக இருக்கிற பெருஞ்சாலைக் கடைகளை முதலில் எடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

உறைமழை நாள் தனி. மழையாக விழுந்து தரையில் பட்டதும் கட்டியாகிற நாள் அது. பூஜ்ஜியத்தை ஒட்டிய பனிக்கட்டிமேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். காலணிக்கு அதைவிட மோசமான தரை கிடையாது. மைனஸ் 20இல் உள்ள காய்ந்த கட்டியில் நடப்பதுகூட இதைவிடத் தேவலை. இந்த நாளில் பூட்ஸ், பட்டை என்று யோசிக்காமல் வேலையை ஒரு நாள் தள்ளிவிடுவதே வழி. குப்பை ஒரு நாள் காத்திருக்கும். யார் தள்ள முடிவு செய்வது, எத்தனை மணிக்குள், எந்த முன்னறிவிப்பை வைத்து என்பதைக் குளிர்காலத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அதிகாலை நாலு மணிக்குத் தொலைபேசியில் அந்த விவாதத்தைத் தொடங்கினால் வண்டி கிளம்பிவிடும்.

வேகம்

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம், சம்பளம் முழு ஷிப்டுக்கு: இந்த ஏற்பாடு பல குழுக்களில் உண்டு. ஆட்களுக்குப் பிடிக்கும், நிர்வாகத்துக்கும் பிடிக்கும். கோடையில் நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன். பனியில் இது ஓடச் சொல்லிக் காசு கொடுப்பதுதான். பதறாத காரியம் சிதறாது என்று சுவரில் எழுதிப் போட்டுவிட்டு, பதறுகிறவருக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வீடு என்றால் யார் எதைக் கேட்பார்கள்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஷிப்டில் 600 நிறுத்தம் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் பார்த்துக் கால் வைக்க 6 நொடி கூடுதலாக எடுத்தால் 3,600 நொடி, முழுதாக ஒரு மணி நேரம். 'மெதுவாகப் போங்கள்' என்று சொல்கிற பொறுப்பாளர் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்திருக்கிறாரா? ரூட்டின் நீளத்தைக் குறைக்காமல் சொன்ன அறிவுரை காற்றோடு போகும்.

இதே கணக்கை மறுபக்கம் திருப்பினால் இன்னொன்று கிடைக்கும். இரண்டு வீட்டுத் தொட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில், பனி வாரிய ஒரே திறப்பில் வைக்கச் செய்தால் 600 இறக்கம் 300 ஆகிவிடும். விழும் வாய்ப்பைப் பாதியாக்க இவ்வளவு மலிவான வழி வேறு எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர்களுக்கு ஒரு துண்டுச்சீட்டு போதும்: தொட்டியை வரப்பின் மேலேயோ பின்னாலேயோ வைக்காதீர்கள், வாரிய வாசல் திறப்பில் வையுங்கள், முந்தின இரவு வைத்தால் உறைந்து ஒட்டிக்கொள்ளும். எல்லாரும் கேட்க மாட்டார்கள். கேட்காத வீட்டின் தொட்டியை எடுக்காமல் குறிப்பு ஒட்டிவிட்டு வரும் உரிமை ஆட்களுக்கு இருந்தால், அடுத்த வாரம் கேட்பார்கள்.

பயிற்சி பற்றி இரண்டு வரி. பாதத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி, முழுப் பாதமும் பதிய, சின்ன எட்டாக, எடையை முன்காலில் வைத்து நடக்கும் பெங்குயின் நடை உண்மையில் உதவும். ஏறி இறங்கும்போது இரண்டு கை ஒரு கால் அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் வண்டியைத் தொட்டிருக்க வேண்டும் என்பதும் நல்ல விதி. தொட்டியைச் சாய்ந்து இழுக்காமல், முதலில் பக்கவாட்டில் அசைத்துச் சக்கரத்தை விடுவித்துக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். மேலே சொன்ன மூன்றாவது வழுக்கலுக்கு அதுதான் மருந்து. ஆனால் பயிற்சி கொடுத்தாயிற்று என்பதற்காக விழுந்தவர் மேலேயே பழியைப் போடுவது வேண்டாம். யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். யானையை உறைந்த படியில் ஏற்றியது யார் என்று கேட்பதில்லை.

அப்படியானால் எதில் கையெழுத்துப் போடுவது?

கையில் காசே இல்லாத குழு என்றால்: ரூட் வரிசையை மாற்றுங்கள், பனிநாட்களுக்கு ரூட்டைக் குறைத்து 'முடிந்தால் வீடு' முறையை நிறுத்துங்கள், உறைமழை நாளுக்கு ஒத்திவைப்பு விதியை எழுதுங்கள், துண்டுச்சீட்டு அனுப்புங்கள். ஆட்கள் முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பார்கள், குறிப்பாக வீட்டுக்குச் சீக்கிரம் போகிற பழக்கம் போனதற்கு. அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். அவர்கள் சம்மதமில்லாமல் இது நிலைக்காது.

கொஞ்சம் காசு இருந்தால் அடுத்தது படித் தகடும் விளக்கும் கைப்பிடியும், அதன்பின் சோதித்து வாங்கிய பூட்ஸ். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் தகடு. ஏனென்றால் மோசமான பூட்ஸ் போட்டவரும் நல்ல படியில் நிற்க முடியும், நல்ல பூட்ஸ் போட்டவர் உறைந்த படியில் நிற்க முடியாது. பெரிதாகக் காசு இருந்து வண்டியே மாற்றுவதாக இருந்தால் தாழ்தளக் கேபின். இயந்திரக் கை, தெரு அகலமாகவும் பனி வாரல் ஒழுங்காகவும் நடக்கிற ஊருக்கு மட்டும்.

முள்பட்டை? வாங்குங்கள், ஆனால் ஆளுக்கு ஒன்று வேண்டாம். வண்டிக்கு இரண்டு ஜோடி, ஆணி குதிகாலிலும் இருக்கிற வகை, கேபினில் கைக்கு எட்டும் ஒரு பையில். வண்டி போக முடியாத சரிவுச் சந்துக்குள் இருபது தொட்டிகளை நடந்து போய் இழுத்துவர வேண்டிய நாளில் ஒரு லோடுமேன் கேபினில் உட்கார்ந்தபடியே அதை மாட்டிக்கொள்வார், மெதுவாகக் கைப்பிடியைப் பிடித்து இறங்குவார், சந்து முடிந்து கேபினில் வந்து உட்கார்ந்ததும் கழற்றிவிடுவார்.